பொட்டலத்துக்குப் பத்தியம்

பால்கனி மூலையில் விரித்திருந்த பழைய செய்தித்தாளுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, மாஸ்டரம்மா குனிந்து பார்த்தாள். பார்த்ததும் முகம் தொங்கிப்போனது. இன்றைக்கும் தண்ணியாகத்தான் போயிருந்தது. போனவனோ பக்கத்திலேயே நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தான், ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கிவிட்டு வந்தவன் மாதிரி.

அவன் பெயர் பொட்டலம். பத்து நாளைக்கு முன்னால் ஒரு செருப்பு டப்பாவுக்குள் பழைய துண்டில் சுற்றி வந்ததால் அந்தப் பெயர். வளர்ந்தாலும் மூன்று கிலோவைத் தாண்டாத ஜாதி. இப்போதைக்கு உள்ளங்கையில் உட்கார்ந்தால் வால் மட்டும்தான் வெளியே தொங்கும். மாஸ்டரம்மா வேலை பார்க்கும் தொழிற்சாலையில், வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீசில் இருக்கிற பெண்ணின் வீட்டு நாய் போட்ட நான்கில் கடைசிக் குட்டி இவன். நாய் வளர்க்கிற ஆசை மாஸ்டரம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வயதில் முளைத்ததல்ல. சின்ன வயதில் கேட்டபோது வீட்டில் இடமில்லை என்றார்கள். கல்யாணமாகி வந்தபிறகு வாடகை வீடு, வீட்டுச் சொந்தக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். அப்புறம் மகள் பிறந்தாள், படித்தாள், வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். இனிமேல் யாரைக் கேட்க வேண்டும் என்று ஒருநாள் தோன்றியது, அவ்வளவுதான். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்த அன்றைக்கு ஒவ்வொரு ஸ்டாப்பிலும் மூடியைத் திறந்து திறந்து பார்த்ததில், தான் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டாள். திரும்ப நடந்து வந்தபோது கால் தரையில் பட்டதா என்றே அவளுக்கு ஞாபகமில்லை.

தொழிற்சாலை கேன்டீனில் இருபத்தாறு வருஷமாக அவள்தான் தலைமைச் சமையல். மதியம் நானூறு தட்டு. மேனேஜரிலிருந்து கேட்டில் நிற்கிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் மாஸ்டரம்மா. தன் கைப்பட்ட சாப்பாட்டில் ஒருத்தருக்கும் வயிறு கெட்டதில்லை என்று அவள் சொல்வாள். பெருமைக்காகச் சொல்வதில்லை, ரத்த வகை சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொல்வாள். அப்படிப்பட்டவள் வீட்டில், வந்த மூன்றாம் நாளே பொட்டலத்துக்கு வயிறு கலங்கிவிட்டது.

கால்நடை டாக்டர் பத்தியம் எழுதிக் கொடுத்தார். தோலெடுத்த கோழி, குழைய வெந்த சோறு, வேளைக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு நாலு வேளை. வேறு எதுவும் கூடாது, உப்புகூட. இரண்டு ஸ்பூனுக்கு எப்படிச் சமைப்பது என்பதே மாஸ்டரம்மாவுக்குப் புரியவில்லை. வீட்டிலிருந்த சின்னப் பாத்திரத்திலேயே பத்துப் பேருக்கு வேகும். பக்கத்து வீட்டில் குழந்தைக்குப் பால் காய்ச்சும் கிண்ணத்தைக் கடன் வாங்கினாள். விடியற்காலையில் எழுந்து சமைத்து நாலு டப்பாவில் பிரித்து வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். வேளாவேளைக்கு எடுத்துக் கொடுப்பது கணவர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அடுப்படியில் அவருக்குத் தெரிந்த ஒரே வேலை வெந்நீர் வைப்பது.

ஐந்து நாள் பத்தியம் இருந்தும் நிற்கவில்லை. திங்கட்கிழமை மறுபடி தூக்கிக்கொண்டு போனபோது, வந்த அன்று எழுநூற்றெண்பது கிராம் இருந்தவன் எழுநூற்று நாற்பதுக்கு இறங்கியிருந்தான். டாக்டர் இரண்டு தடவை கேட்டார், வேறு ஏதாவது சேர்க்கிறீர்களா என்று. மாஸ்டரம்மா தலையிலடித்துச் சத்தியம் செய்யாத குறை. விஷயம் டைம் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண் சாப்பாட்டு வரிசை முடியும்வரை காத்திருந்து கவுன்டருக்கு வந்தாள். அவள் முகத்தில் கோபமில்லை. அதுதான் மாஸ்டரம்மாவுக்குப் பயமாக இருந்தது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. போன தடவ ஒரு குட்டிய இப்படித்தான் குடுத்துட்டு இழந்துட்டேன். வெள்ளிக்கிழமை சாயந்தரம் வரேன். வந்த எடை இருந்தா உங்ககிட்டயே இருக்கட்டும். இல்லன்னா அவங்கம்மாகிட்டயே கொண்டுபோய் விட்டுடறேன்."

இந்தச் செவ்வாய்க்கிழமை காலை, செய்தித்தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே வந்த மாஸ்டரம்மா நேராகக் கணவர் முன்னால் போய் நின்றாள். பகலெல்லாம் வீட்டில் இருப்பது அவர்தான். பிஸ்கட் தின்னாமல் அவரால் டீ குடிக்க முடியாது. அவர் கீழே ஒரு துண்டு போடுவதும் அவன் அதைக் கவ்வுவதும் அவள் மனக்கண்ணில் படமாகவே ஓடியது.

"உண்மையச் சொல்லுங்க. என்ன குடுக்கறீங்க அவனுக்கு?"

"நீ வெச்சுட்டுப் போறத."

"அது மட்டும்தான்னா வயிறு ஏன் இப்படிப் போகுது?"

அவர் எழுந்தார். முப்பத்தைந்து வருஷம் லிஃப்டோடு பழகியவர். எந்தக் கட்டடத்தில் கூப்பிட்டாலும் முதலில் ஸ்க்ரூடிரைவரை எடுக்க மாட்டார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மேலேயும் கீழேயும் இரண்டு தடவை ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். பழுது தானாக எங்கேயாவது எட்டிப் பார்க்கும் என்பார். இப்போதும் முக்காலியைக் கொண்டுவந்து அடுப்படி வாசலில் போட்டு உட்கார்ந்து, பொட்டலத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ சமை. நான் சும்மா பாக்கறேன்."

என்னைச் சந்தேகப்படுகிறாரா, இவரா என்று அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. கோழியை வேகவைத்தாள், நார் நாராகப் பிய்த்தாள், சோற்றோடு சேர்த்து மசித்தாள். கை பாட்டுக்கு வேலை செய்ய, வாய் பாட்டுக்கு அவர் பிஸ்கட் டப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தது. கரண்டி நுனியில் துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு, டப்பாக்களில் பிரித்துப் போட்டு மூடினாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. பாத்தீங்கல்ல? கோழி, சோறு. வேற என்ன போட்டேன்?"

"உன் கையப் பாரு."

வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் பளபளத்தது. கட்டைவிரலோரம் இரண்டு மூன்று உப்புக்கல் ஒட்டியிருந்தது. மேடையில் வெண்ணெய் டப்பா மூடி திறந்து கிடந்தது.

எப்போது எடுத்தாள்? யோசித்துப் பார்த்தால், ருசி பார்க்காமல் ஒரு பாத்திரத்தையும் அவள் வெளியே அனுப்பியதே இல்லை. ருசி பார்த்ததும் கடைசியாக ஒரு சிட்டிகை உப்பு, ஒரு விரல் வெண்ணெய். அது இல்லாவிட்டால் அவளைப் பொறுத்தவரை அது சாப்பாடே இல்லை. நானூறு பேர் தட்டை வழித்துச் சாப்பிடுவது அந்தக் கடைசி விரலுக்காகத்தான். அந்த விரல் அவளைக் கேட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை. இத்தனை நாளும் ஒவ்வொரு காலையும், அந்த இத்தனூண்டு வயிற்றுக்கு அதையே போட்டுவிட்டு, டாக்டரிடம் ஒன்றுமே சேர்க்கவில்லை என்று சொல்லியிருக்கிறாள். முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. அழுகைக்குள்ளேயே, என்னவென்று தெரிந்துவிட்டதே என்று ஒரு சந்தோஷமும் குபுகுபுவென்று வந்தது. எதைத் துடைப்பது என்று தெரியாமல் முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பொட்டலம் எட்டி அந்த விரலை நக்க வர, கையை வெடுக்கென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"இனிமே நீங்களே செய்ங்க," என்றாள். "நான் அடுப்பு பக்கமே வரல."

"எனக்கு வெந்நீர்தான வெக்கத் தெரியும்."

"அதுதாங்க அவனுக்கு வேணும்."

அன்றையிலிருந்து அடுப்படியில் அவர் ராஜ்ஜியம். கோழியைக் குட்டித் தராசில் நிறுத்தார். சோற்றை மணி பார்த்து வேகவைத்தார். நட்டு போல்ட்டு எண்ணுகிறவர் மாதிரி ஸ்பூனை வழித்து மட்டம் தட்டினார். அவள் வாசலில் நின்று, இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு பார்த்தாள். அந்த வெளிறிப்போன, மணமே இல்லாத உருண்டையைப் பார்க்கப் பார்க்க விரல் துடித்தது. ஒருதடவை காலே உள்ளே ஒரு அடி வைத்துவிட்டது. "கோடு தாண்டாத," என்றார் திரும்பிப் பார்க்காமலே.

புதன்கிழமை கேன்டீனில் மதிய வேலை முடிந்ததும் போன் செய்தாள். கொஞ்சம் பரவாயில்லை என்றார். வியாழன் மதியம் அவரே கூப்பிட்டார். கூப்பிடும் பழக்கமே இல்லாத மனிதர். அவள் கரண்டியை அப்படியே போட்டுவிட்டுப் போனை எடுத்தாள். அந்தப் பக்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, லிஃப்ட் சரியாகிவிட்டது என்று கட்டடக்காரரிடம் சொல்கிற அதே குரலில் சொன்னார்: "கெட்டியா போயிருக்கான்."

மாஸ்டரம்மா போட்ட கூச்சலில் பாத்திரம் கழுவுகிறவர்கள் ஓடி வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் அவர்களும் கை தட்டினார்கள். மெஷின் ஷாப் ஆட்கள் வரிசையில் நின்றபடியே, என்ன மாஸ்டரம்மா பேரன் பிறந்திருக்கானா என்று கேட்டார்கள். அதைவிடப் பெரிசு என்றாள். அன்றைக்கு எல்லோர் தட்டிலும் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் டைம் ஆபீஸ் பெண் வந்தாள். கையில் அதே மாதிரி ஒரு செருப்பு டப்பா. அதற்குள் மடித்த துண்டு. மாஸ்டரம்மா அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள். யாரும் டீ கேட்கவில்லை, யாரும் போடவுமில்லை. கணவர் தராசைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, பூஜ்யம் காட்டுகிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்து, பொட்டலத்தைத் தூக்கித் தட்டில் உட்கார வைத்தார். மூன்று தலையும் குனிந்தன.

எழுநூற்றறுபது. எழுநூற்றுத் தொண்ணூறு. எழுநூற்றைம்பது. எண் நிற்கவே இல்லை. பொட்டலம் மாஸ்டரம்மாவையே பார்த்துக்கொண்டு உடம்பு மொத்தத்தையும் சேர்த்து ஆட்டிக்கொண்டிருந்தான்.

"நீ அந்தப் பக்கம் போ," என்றார் கணவர். "உன்னப் பாத்துத்தான் ஆடறான்."

அவள் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கதவில் முதுகைச் சாய்த்து, கையிரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாள். மூச்சுவிட்டால்கூடத் தராசு அசைந்துவிடுமோ என்று அதையும் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது. டைம் ஆபீஸ் பெண், ஷ், ஷ், அசையாம இரு கண்ணு என்று கெஞ்சுவது கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

அந்த அமைதியில், தராசுத் தட்டில் ஒரு சின்ன வால், அவள் எந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள் என்று நன்றாகத் தெரிந்துகொண்டு, டப் டப் டப் என்று அடிக்க ஆரம்பித்தது.