காரணம் எழுதும் கட்டம்

அந்தக் கல்லூரியில் அவளுக்குப் பூட்டம்மா என்று பெயர். கணினிப் பிரிவுப் பொறுப்பாளர் என்று அறைக்கதவில் பலகை தொங்கியது. அதை யார் படித்தார்கள்? பாஸ்வேர்டை அடுத்தவரிடம் கொடுத்தது தெரிந்தால் அந்த மெயில் கணக்கைப் பூட்டிவிடுவாள். திறக்க வேண்டுமென்றால் கணக்குக்காரரே நேரில் வந்து, பூட்டியதற்கான காரணத்தைப் படிவத்தில் தன் கையால் எழுத வேண்டும். அது சர்வர் பதிவோடு ஒத்துப்போனால்தான் திறப்பாள். மாணவர்கள் வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதி அவள் காதில் பூச்சுற்றப் பார்த்ததால் பிறந்த விதி அது. முதல்வர் படிக்காமலே கையெழுத்துப் போட்ட பாதுகாப்புக் கொள்கையில் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது.

முதல்வருக்கு மெயில் என்றாலே எட்டிக்காய். எல்லாவற்றையும் அவருடைய டைப்பிஸ்ட்தான் பார்த்துக்கொண்டாள். ஒன்பது வருடமாகத் தற்காலிக ஊழியர். அடுத்த மாதம் பணி நிரந்தரம் ஆகப் போகிறவள். தற்காலிக ஊழியர்களுக்குச் சொந்த மெயில் கணக்கு கிடையாது என்பதும் பூட்டம்மா எழுதிய விதிதான். அதனால் டைப்பிஸ்ட் முதல்வர் பெயரிலேயே நுழைவாள். அவருடைய பாஸ்வேர்டு ஒரு துண்டுச் சீட்டில் அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. கேபிள் மாட்டப் போன ஒருநாள் பூட்டம்மா அதைப் பார்த்தாள். பெரிய இடத்து வம்பு நமக்கெதற்கு என்று பார்க்காத மாதிரி வந்துவிட்டாள். மாணவர்களிடம் காட்டிய வீரம் அன்றைக்கு எங்கே போனதோ.

ஞாயிற்றுக்கிழமை மதியம், செவ்வாய்க்கிழமைத் தேர்வின் வினாத்தாள் முதல்வர் கணக்கிலிருந்து மாணவர்கள் அத்தனை பேருக்கும் போய்விட்டது. திங்கள் காலையில் முதல்வர் புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: பாஸ்வேர்டு டைப்பிஸ்ட்டிடம் இருந்தது, அவள்தான் அனுப்பியிருக்க வேண்டும். மாலை நான்கு மணிக்கு விசாரணை.

டைப்பிஸ்ட் பூட்டம்மாவின் அறைக்கு வந்து நின்றாள். அழுது ஓய்ந்த முகம். "நேத்து நான் என் தங்கச்சி வீட்ல இருந்தேன் அக்கா. சொன்னா யார் நம்புவா?"

பூட்டம்மா சர்வர் பதிவைத் திறந்தாள். மெயில் போனது முதல்வரின் கைபேசியிலிருந்து. டைப்பிஸ்ட் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் தானே தேர்வுப் பிரிவுக்கு அனுப்ப நினைத்தவர், பட்டியலில் அதற்கு அடுத்த வரியைத் தொட்டிருக்கிறார். யாருக்கும் நடக்கக்கூடிய தவறு. ஒத்துக்கொண்டிருந்தால் வினாத்தாளை மாற்றியதோடு முடிந்திருக்கும்.

பதிவை அச்செடுத்து அவரிடமே கொண்டுபோனாள். அவர் பார்த்தார், மடித்து இழுப்பறைக்குள் வைத்தார். மெஷின் ஆயிரம் சொல்லும், விசாரணைக் குழுவுக்குத் தலைவரே நான்தானே என்றார். வேறொருவர் பயன்படுத்தியிருக்கலாம் என்று அவள் குழுவுக்குக் கொடுக்கும் அறிக்கையில் ஒரே ஒரு வரி போதும் என்றார்.

"அந்த வரி என் கைல வராது சார்."

"உன் வேலையும் சேந்து போகும்மா."

"போகட்டும் சார்."

அறைக்குத் திரும்பியபோது அவளுக்குப் பயமில்லை, ஆத்திரம். புகாரின் நகலை மறுபடி படித்தாள். என் பாஸ்வேர்டு டைப்பிஸ்ட்டிடம் இருந்தது. கீழே அவர் கையெழுத்து. அட, மனிதர் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டிருக்கிறாரே! ஏழாம் பக்கத்தின்படி முதல்வர் கணக்கைப் பூட்டினாள். பிறகு ஒரு தாளை எடுத்து, சீட்டைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டிருந்ததற்காகத் தன்மேல் தானே ஒரு புகார் எழுதினாள்.

இரண்டரை மணிக்குப் புது வினாத்தாள் முதல்வர் மெயிலுக்கு வந்தது. அச்சகம் காத்திருந்தது. திறக்க முடியாமல் முதல்வரே இறங்கி வந்தார். பூட்டம்மா எழுந்து நின்று வணக்கம் சொல்லி, படிவத்தை நீட்டினாள்.

பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று எழுதினார்.

"பதிவோட ஒத்துப்போகல சார். வேற காரணம் எழுதுங்க."

இது யாருடைய கல்லூரி தெரியுமா என்று கத்தினார். அவள் ஏழாம் பக்கத்தைத் திருப்பி அவருடைய கையெழுத்தைக் காட்டினாள். டைப்பிஸ்ட் தவறாகப் பயன்படுத்திவிட்டார் என்று இரண்டாவது படிவத்தில் எழுதினார். "மெயில் போனது உங்க கைபேசில இருந்துன்னு பதிவு சொல்லுது சார், அனுப்பினது யாருன்னும் சேத்து எழுதுங்க," என்று அதையும் திருப்பிக் கொடுத்தாள். சட்டைப் பையில் கைபேசி அடித்தது; அச்சகக்காரர்.

கைபேசியை அமர்த்திவிட்டு மூன்றாவது படிவத்தை இழுத்துக்கொண்டார். பிறகு எழுதினார். பாஸ்வேர்டை நானே கொடுத்தேன். வினாத்தாளைத் தவறுதலாக அனுப்பியதும் நான்தான்.

அவள் படித்து, பதிவோடு ஒப்பிட்டு, கணக்கைத் திறந்தாள்.

"இது இங்கயே இருக்கட்டும்," என்றார், குரல் இறங்கி.

"நாலு மணிக்குக் குழுவில இருக்கிற எல்லார் கைலயும் ஒரு நகல் இருக்கும் சார். என் மேல நான் எழுதின புகாரும் கூடவே வரும்."

அவர் போன பிறகு, வாசலில் சுவரோடு ஒட்டி நின்ற டைப்பிஸ்ட்டை உள்ளே அழைத்து புது மெயில் கணக்குக்கான படிவத்தை நீட்டினாள். கொள்கைப் புத்தகத்தை எடுத்துத் தற்காலிக ஊழியர்கள் பற்றிய விதியின் மேல் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுத்தாள். யாரைக் கேட்டு அடித்தாய் என்று நாளைக்குக் கேட்பார்கள். கேட்கட்டும்.

டைப்பிஸ்ட் பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்தாள். "காரணம்னு போட்டிருக்கே, அதுல என்னக்கா எழுதட்டும்?"

"ஒம்பது வருஷமா இன்னொருத்தர் பேர்ல வேலை பாத்தேன், இனிமே என் பேர்லதான் பாப்பேன்னு எழுது."