அனுஜா சொல்லாத தீர்ப்பு

காலை எட்டரைக்குத் தம்பி ஹரிசங்கர் அழைத்தபோது, அனுஜா தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, புது வேலை கிடைச்சிருச்சு. திங்கக்கிழமை சேரணும்."

நிறுவனத்தின் பெயரைச் சொன்னான். அனுஜாவின் கை நின்றுவிட்டது. தூத்துக்குடி சோப்பு வியாபாரி சீனி முகம்மதுக்குக் கெட்டுப்போன பாமாயிலை அனுப்பியதாக வழக்கில் நிற்கும் அதே பினாங்கு நிறுவனம். நீதிமன்றத்துக்கு வெளியே தீர்த்துக்கொள்ள இரு தரப்பும் சம்மதித்து அமர்த்திய ஒரே நடுவர் அவள். பத்து மணிக்குத் தீர்ப்பு.

"நீயா வேலைக்கு மனு போட்ட?"

"இல்லக்கா, அவங்களேதான் கூப்ட்டாங்க. யாருக்கும் தெரியாதுலா. தீர்ப்ப சொல்லிட்டு வந்துரு."

அவள் அழைப்பைத் துண்டித்தாள். எண்ணெய் கப்பலேறும் முன்பே கெட்டிருந்தது என்றுதான் எழுதியிருந்தாள். வெற்றி சீனி முகம்மதுக்கு. தம்பியின் நிறுவனத்துக்கு எதிராகத்தானே தீர்ப்பு, மறைத்தால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் தெரிந்துகொண்டு மறைத்தபின் அந்த நாற்காலியில் எந்த முகத்தோடு உட்காருவது?

பத்து மணிக்கு, பினாங்கின் ஜார்ஜ்டவுனில் ஒரு ஹோட்டல் அறையில், இரு தரப்பின் முன்னும் நடந்ததைச் சொன்னாள்.

"எங்களுக்கு ஆட்சேபம் இல்லை," என்றார் நிறுவனத்தின் வழக்கறிஞர் உடனே.

அந்த அவசரமே சீனி முகம்மதைக் கலக்கிவிட்டது. அவருடைய வழக்கறிஞர் சட்டையைப் பிடித்து இழுத்தும் கேளாமல் எழுந்தார்.

"அம்மா, எட்டு மாசமா கம்பெனியப் பூட்டி வச்சிருக்கேன். உங்க தம்பி அவங்ககிட்ட சம்பளம் வாங்கப்போறாரு. நான் எதை நம்பி உக்காருவேன்? நீங்க விலகிக்கிடுங்க."

அவருக்குச் சாதகமான தீர்ப்பு அவள் உள்ளங்கைக்கு அடியில் கிடந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லக் கூடாது.

"விலகிக்கிறேன் ஐயா. புது நடுவர் முதல்ல இருந்து விசாரிப்பாங்க. தாமதமாகும், மன்னிச்சிருங்க."

வாசல்வரை போனவர் திரும்பினார். "உண்மையச் சொல்லுங்க. நான் ஜெயிச்சிருப்பேனா?"

அனுஜா தாள்களைக் கவிழ்த்து வைத்தாள். "அத நான் சொல்ல முடியாது."

"அப்ப தோத்திருப்பேன். தப்பிச்சேன்," என்று பெருமூச்சு விட்டுப் போனார்.

ஆள் இல்லாத அறையில் எல்லாப் பக்கங்களையும் கிழித்துப் போட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமையே ஹரிக்கு வேலை இல்லையென்று நிறுவனம் சொல்லிவிட்டது. அவன் மூன்று மாதம் அக்காவிடம் பேசவில்லை. புது நடுவரோ, எண்ணெய் கெட்டதில் இரு தரப்புக்கும் பங்குண்டு என்று சொல்லி, சீனி முகம்மது கேட்டதில் பாதியைத்தான் கொடுத்தார். சீனி முகம்மது அதை எதிர்த்து நீதிமன்றம் போகவில்லை. நியாயம் கிடைத்தது என்று எல்லாரிடமும் சொன்னாராம். கேள்விப்பட்ட அன்று அனுஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. தன் முடிவு என்னவாக இருந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லவே இல்லை.