டாக்டரைப் பிடித்துவைக்க ஒரு வரிசை

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது. கிராமத்தில் டாக்டர்கள் நிலைப்பதில்லை என்று கட்டுரை எழுத உட்கார்ந்தேன். சம்பளம் போதாது, வசதி போதாது என்று இரண்டு பக்கம் புலம்பியதும் எனக்கே சலித்துவிட்டது. டாக்டரை நிறுத்திவைக்க ஊர்க்காரர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று எவனாவது கேட்டானா? அதனால் கதை. எல்லாம் கற்பனைதான்.

2

“1938இல், திண்டிவனம் சாலையில் ஒரு மாட்டுவண்டி…”

(சே, வேண்டாம். வண்டி ஊர் சேர்வதற்குள் நீங்கள் தூங்கிவிடுவீர்கள்.)

நேரே சொல்கிறேன். கிளியனூர்ப் பக்கம் ஓர் ஊருக்கு மாசிலாமணி என்ற இளம் டாக்டர் வந்தார். கைராசிக்காரர். காய்ச்சல் குறைந்தது, டிஸ்பென்சரியில் கூட்டமும் குறைந்தது. ஆள் வராவிட்டால் மூடிவிடுவோம், டாக்டரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லையில் கூலி வேலை செய்யும் வீரமுத்து தெருவைக் கூட்டினான்.

“டாக்டரு போயிட்டா, பழையபடி சீக்காளியத் தூக்கிக்கினு திண்டிவனம் ஓடணும். தெனம் வூட்டுக்கு ஒருத்தரு போய் வரிசையில நில்லுங்க. ஒண்ணும் இல்லாட்டியும் வவுத்து வலின்னு சொல்லுங்க.”

மறுநாள் முதல் ஆளாக அவனே நின்றான்.

3

டாக்டருக்கு இது தெரியுமா? முதலில் தெரியாது என்றுதான் எழுதினேன். அப்படியானால் அவர் முட்டாளாகிவிடுகிறார். ஆகவே, தெரியும். சிரித்துக்கொண்டே ஆளுக்குக் கொஞ்சம் ஓமத் தண்ணீர் கொடுத்தார். தான் வேண்டும் என்று இத்தனை பேர் நிற்கிறார்களே என்று அவருக்கு மனம் குளிர்ந்தது. இதில் என்ன தப்பு, சொல்லுங்கள்.

4

ஒருநாள் வீரமுத்து குனிந்தபடியே வந்தான்.

“மெய்யாலுமே வலிக்குதுங்க.”

“நேத்தும் இதையேதானே சொன்ன?”

டாக்டர் சிரித்தார். வரிசையும் சிரித்தது. வீரமுத்துவும்…

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.)

ஓமத் தண்ணீரோடு வீடு போனவன் இரண்டொரு நாளில் செத்துப்போனான். அன்றே பார்த்து விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பான். [அவனைப் பிழைக்கவைத்தும் எழுதிப் பார்த்தேன். படிக்கவே கூச்சமாக இருந்தது.]

5

முடிவு ஒன்று: டாக்டர் போய்விடுகிறார். முடிவு இரண்டு: செய்த பாவத்துக்காகக் கடைசிவரை அங்கேயே இருக்கிறார். இரண்டுமே டாக்டரைப் பற்றித்தான். வீரமுத்துவின் மனைவி பவுனு எங்கே?

கருமாதி முடிந்த மறுநாள். மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்ட டாக்டர் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். ஊரில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பவுனு மட்டும் வந்து நின்றாள்.

“என்னம்மா பண்ணுது?” என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

“எனக்கு ஒண்ணும் இல்லீங்க. வரிசையில நிக்க வந்தேன். எம் பொண்ணு முழுகாம இருக்கா. நீங்களும் போயிட்டா அவளுக்கு யாரு இருக்காங்க?”

டாக்டர் என்ன செய்தார் என்று நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றுதான் கேட்கிறேன்: அவளை ரொம்ப நேரம் நிற்கவைக்காதீர்கள்.