சிவப்புப் பட்டையில் ஒரு கணவர்

அக்காவும் தங்கையும் ஒரே கல்லூரியில் புள்ளியியல் படித்தவர்கள். அக்கா உள்ளூரிலேயே புள்ளியியல் துறையில் வேலைக்குச் சேர்ந்தாள். தங்கை கல்யாணமாகிப் பக்கத்து நாட்டுக்குப் போய், அங்கே அதே மாதிரி ஒரு துறையில் உட்கார்ந்துகொண்டாள். இன்னும் ஐம்பது வருஷத்தில் தங்கள் மக்கள் எவ்வளவு படித்திருப்பார்கள் என்று இரண்டு அரசுகளும் சேர்ந்து ஓர் ஒப்பீட்டு அறிக்கை கேட்டபோது, வேலை இவர்கள் இருவர் தலையிலும் விழுந்தது. சின்ன வயதில் மார்க்குக்காகத் தலைமுடியைப் பிடித்துக்கொண்டவர்களுக்குப் பழைய சண்டையைப் புதுப்பிக்க நல்ல சாக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை வைத்து அக்கா வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். இன்றைய நிலவரத்தில் அவள் நாடுதான் முன்னால் இருந்தது. ஆனால் திரையிலிருந்த கணிப்பில் முப்பது வருஷம் தாண்டியதும் தங்கையின் நாடு எட்டிப்பிடித்து முந்திவிட்டது.

“என்னக்கா, மூஞ்சி சுருங்குது?”

“போடி. எங்கயோ தப்புப் பண்ணியிருக்கே.”

டீயோடு வந்த அக்காவின் கணவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். திரையில் வயது வாரியாகப் பட்டைகள் அடுக்கியிருந்தன. இளசுகள் கீழே, வயதானவர்கள் மேலே. கல்லூரி முடித்தவர்கள் பச்சை, பள்ளி முடித்தவர்கள் மஞ்சள், முடிக்காதவர்கள் சிவப்பு.

“இதுல நான் எங்க இருக்கேன்?”

அக்கா நாற்பதுகளின் பட்டையில் விரல் வைத்தாள். சிவப்பு. தன் அப்பா படுத்த படுக்கையானதும் கணவர் ஒன்பதாவதோடு பட்டறைக்குப் போனது அவளுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் அவரை அந்த நிறத்தில் அவள் நினைத்ததே இல்லை.

“சரி, இந்தச் சிவப்பு பின்னால எப்படிக் குறையுது?”

“வருஷம் ஆக ஆகப் பட்டையெல்லாம் மேல ஏறும். கீழேருந்து படிச்ச பிள்ளைங்க வருவாங்க.”

“மேல ஏறி?”

அக்கா டீ டம்ளரை எடுத்துக்கொண்டாள். திரையில் தங்கை இருமினாள்.

“ஓகோ! நாங்கல்லாம் போய்ச் சேர்ந்தாத்தான் நாடு உருப்படும்ங்கறே.”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. “முப்பது வயசுக்கு மேல யாரும் படிக்க மாட்டாங்கன்னு வெச்சுக்கிட்டுத்தாங்க கணக்குப் போடுவோம்.”

“யாரு அப்படி வெச்சுக்கிட்டது?”

“நான்தான்.”

“மாமா, எங்க பக்கம் அப்படியில்ல” என்றாள் தங்கை. “வேலைக்குப் போறவங்களுக்குச் சாயங்காலப் பள்ளிக்கூடம் நிறைய இருக்கு. நாப்பதுலயும் பரீட்சை எழுதறாங்க. எங்க சிவப்பு உயிரோட இருக்கும்போதே மஞ்சளாயிடும். நான் முந்தினதுக்குப் பாதிக் காரணம் அதுதான். பேசாம இங்க வந்துடுங்க.”

“வரேன். உங்கக்காவையும் கூட்டிட்டு வரணுமா?”

“அய்யோ, அவ அங்கயே இருக்கட்டும்!”

மறுநாள் அலுவலகத்தில் அக்கா விசாரித்தாள். அவள் நாட்டிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக மாலை வகுப்புகள் இருந்தன. யாரும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. “கடுகளவு விஷயம், விட்டுடும்மா” என்றார் இயக்குநர். அவள் விடவில்லை. தேர்வுத் துறையிலிருந்து எண்களை வாங்கினாள். கடுகளவுதான். ஆனால் பக்கத்து நாட்டின் அளவுக்கு மாலை வகுப்புகளைப் பெருக்கிக் கணக்கிட்டபோது இரண்டு நாடுகளின் கோடுகளும் கடைசிவரை ஒட்டியே போயின. இப்படியே போனால் ஒன்று, மாலை வகுப்புகள் பெருகினால் இன்னொன்று என்று அறிக்கையில் தன் நாட்டுக்கு இரண்டு எதிர்காலங்களை எழுதினாள்.

“ரெண்டு எதுக்கு?” என்றார் இயக்குநர்.

“ஆளுங்க இருக்கும்போதே மாறலாம்னு காட்டத்தான் சார்.”

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அதற்குள் கணவர் தானாகவே மாலை வகுப்பில் சேர்ந்திருந்தார்.

“எனக்காகவா?” என்றாள் அக்கா.

“உனக்காக எதுக்கு? ஒன்பதாவதுல கடைசி நாள் வாத்தியார் ஒரு தேற்றத்தைப் பாதி போட்டுக்கிட்டிருக்கும்போது எழுந்து வந்தேன். மீதி என்ன ஆச்சுன்னு பார்க்கணும்.”

அக்கா சொல்லிக்கொடுத்தால் வீடே ரெண்டாகிவிடும். “தெரியாதா? இதுகூடத் தெரியாதா?” என்று அவள் பென்சிலால் மேஜையைத் தட்டுவாள், அவர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார். கடைசியில் வீடியோவில் தங்கைதான் வாத்தியாரம்மா ஆனாள். பள்ளியிறுதிப் பரீட்சையில் அவர் கணக்கில் நல்ல மார்க் வாங்கினார். வரலாறு காலை வாரிவிட்டது. மன்னர்கள் யாரும் அவருக்குப் பிடிபடவில்லை. முணுமுணுத்துக்கொண்டே மறுபடி எழுதினார்.

மறுதேர்வு முடிவு வந்த மதியம் அவர் போன் எடுக்கவில்லை. ஏதோ குடியிருப்பில் லிஃப்ட் பழுது என்று காலையில் சொன்னது நினைவுக்கு வந்தது. அக்கா பாதி நாள் விடுப்புப் போட்டுவிட்டு அங்கே ஓடினாள். கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. முன்னால் தடுப்புப் பலகை. உள்ளே இருட்டு, கிரீஸ் வாசனை, மேலே எங்கோ டார்ச் வெளிச்சம். அவள் தடுப்பைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் நீட்டிக் கத்தினாள்.

“ஏங்க! பாஸ்!”

அந்தக் குரல் மாடி மாடியாக ஏறியது. இரண்டு வீடுகளின் கதவு திறந்தது. மேலே ஸ்பேனர் சத்தம் நின்றது.

“வரலாறுமா?”

“வரலாறும்தான்!”

மேலே டார்ச் அணைந்தது. பிறகு அவர் குரல் இறங்கிவந்தது.

“அங்கயே நில்லு. படியில வரேன். இது இன்னும் ஓடல.”