கம்பெனி பஸ் வரும்வரை

மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் வனிதா லாக்கரிலிருந்து போனை எடுத்தாள். பக்கத்து வீட்டு ஜோபின் ஏழு தடவை கூப்பிட்டிருந்தான். திருப்பிக் கூப்பிட்டாள்.

"அக்கா, அப்பா காலையில பூட்டாரு."

டப்பாவைத் திறக்காமலே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஜோபினின் அப்பா பெரியநாயகம் ஆரணிப் பக்கத்தில் அறுப்பு மேஸ்திரியாக இருந்தவர். நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு விடியலில் வயலில் இறங்குவார். வனிதா முதல் கூலி வாங்கியது அவரிடம்தான். அறுப்பு மெஷின் வந்தபின் ஆண்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனார்கள். பெண்களைச் செய்யாற்றுப் பக்கம் வந்த செருப்புக் கம்பெனி எடுத்துக்கொண்டது. மேஸ்திரி மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. மெஷின் திரும்ப முடியாத வரப்பு மூலைகளை அரிவாளால் அறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எப்ப எடுக்கிறீங்க?"

"நாலு மணிக்கின்னு இருந்தோம். தூக்க ஆளில்லக்கா. உங்க பஸ் எப்ப வரும்?"

"ஆறு ஆவும்."

"அதுவரிக்கும் வெச்சினுகீறோம்."

சூப்பர்வைசரிடம் போய் நின்றாள். சொந்தமா என்று அவர் கேட்டார். பக்கத்து வீடு என்றாள். "லைன் நின்னுடும்மா" என்று அவர் மெதுவாகத்தான் சொன்னார். திரும்பி வந்து மெஷின்முன் நின்றாள்.

மாலையில் பஸ் ஊர் முனையில் நின்றபோது பதினான்கு பெண்கள் இறங்கினார்கள். ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை. மழைச் சேறானதால் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வாய்க்கால் பாதையில் வண்டி போகாது. பெட்டியைச் சாலையோரம் இறக்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஜோபினும் சர்ச் உபதேசியாரும் இரண்டு கிழவர்களும்.

"ஆம்பளைங்க யாரும் வர்லியா?" என்றார் உபதேசியார்.

"எங்க லைன்ல எல்லாம் பொம்பளைங்கதாங்க. நாங்க தூக்கறோம்" என்றாள் வனிதா.

"அப்பிடி வழக்கம் இல்லியேம்மா."

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மேஸ்திரியின் மனைவி ரோஸி நிமிர்ந்தாள். காலையிலிருந்து அழுததில் குரல் உடைந்திருந்தது. "இவுரு அறுத்துப் போட்ட நெல்லுக்கட்டெல்லாம் தலைமேல தூக்கினதுங்கதானே இதுங்க? தூக்கட்டும்."

ஜோபின் முன்பக்கம் தோள் கொடுத்தான். வனிதாவும் இரண்டு பெண்களும் மற்ற மூலைகளைப் பிடித்தார்கள். கம்பெனிக் கோட்டைக் கழற்றக்கூட யாருக்கும் தோன்றவில்லை. பொழுதெல்லாம் லைனில் நின்ற கால்கள் சேற்றில் புதைந்து புதைந்து எழுந்தன. பாதி வழியில், பஸ்ஸில் கூட வந்த எழிலரசி, "நவுருக்கா" என்று வனிதாவிடம் தோளை மாற்றிக்கொண்டாள். அப்படியே மூன்று தடவை ஆள் மாறிக் குழிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஜெபம் சுருக்கமாக முடிந்தது. மண் போட்டபோது வனிதா அழ நினைத்தாள். உடம்பில் அதற்கும் தெம்பு இல்லை.

திரும்புகிற வழியில், நாளை மறுநாள் ஓசூருக்கு டியூட்டிக்குப் போயாக வேண்டும் என்று ஜோபின் சொன்னான்.

சாவு வீட்டில் அடுப்பு எரியாது, பக்கத்து வீடுதான் சோறு கொடுக்க வேண்டும். தெருவே ஷிப்ட்டுக்குப் போயிருந்ததால் யாரும் ஆக்கி வைத்திருக்கவில்லை. வனிதா உலை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தவள் தூங்கிப்போனாள். கஞ்சி பொங்கி அடுப்பை அணைத்த சத்தத்தில்தான் விழித்தாள்.

சோறும் ரசமும் கொண்டுபோனாள். ரோஸி இரண்டு வாய் சாப்பிட்டாள்.

"காலையில பஸ்ஸு கீதா?"

"அஞ்சே காலுக்கு, பெரிம்மா."

"போ, போய்ப் படு."

வனிதா உடனே எழுந்திருக்கவில்லை. தட்டு காலியாகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.