யெஸ் மிஸ்

எங்கப்பாவுக்கு வாய் சும்மா இருக்காது. அறுபத்தெட்டுல நான் பி.யு.சி. சேர்ந்த அன்னைக்கே இரும்புலியூர் முழுக்க தமுக்கு அடிச்சுட்டார். டீக்கடை, சர்ச், அவர் கலாசியா வேலை பார்க்கிற ரயில்வே ஷெட், ஒரு இடம் பாக்கியில்லை. "எங்க ஞானஜோதி இப்ப எல்லாத்தையும் இங்கிலீஷ்லதான் படிக்கிறா." படிக்கிறேனாம், படிக்கிறேன்! கடைசி பெஞ்சில உக்காந்து மிஸ்ஸோட வாயைப் பார்த்துகிட்டிருந்தேன், அவ்வளவுதான்.

பதினொண்ணாவது வரைக்கும் தமிழ்லயே படிச்சவ நான். பிராணவாயு, கரியமிலவாயுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ரசாயனத்துல கிளாஸ்லயே முதல் மார்க். அதே ரசாயனம் காலேஜுல கெமிஸ்ட்ரியா வந்து நின்னப்ப எனக்கு அடையாளமே தெரியலை. ஒரு வரியை மனசுக்குள்ள தமிழாக்கி முடிக்கிறதுக்குள்ள மிஸ் நாலு வரி தாண்டிப் போயிருப்பாங்க. கடைசியா நிமிர்ந்து பார்த்து, "அண்டர்ஸ்டுட்?"ம்பாங்க. எல்லாரோடயும் சேர்ந்து நானும் "யெஸ் மிஸ்." புரியலைன்னு சொன்னா கான்வென்ட்ல படிச்சு வந்ததுங்க எல்லாம் ஒரே நேரத்துல திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வைக்கு யெஸ் மிஸ்ஸே தேவலை. சாயங்காலம் ரயில்ல ஜன்னல் பக்கமா முகத்தைத் திருப்பிகிட்டு அழுவேன். தாம்பரம் வர்றதுக்குள்ள துடைச்சுக்குவேன்.

இறங்கி வீட்டுக்கு வந்தா பக்கத்து வீட்டு அம்மணி வாசல்லயே பிடிச்சுக்கும். "இன்னாம்மா, இங்கிலீஷ்லயே பேசிக்கினு கீறியாமே! ஒண்ணு சொல்லேன், கேப்போம்." எனக்கு எரிச்சல் பத்திகிட்டு வரும். தலைவலின்னு சொல்லி உள்ளே ஓடிடுவேன்.

அம்மா மட்டும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க. ஆனா எங்க வீட்டுல தினம் சாயங்காலம் குடும்ப ஜெபம். பாயில முழங்கால் போட்டு ஆளுக்கொருத்தரா வாய்விட்டு ஜெபிக்கணும். அம்மா முறை வந்தா, "ஆண்டவரே, பிள்ளை பாடம் புரியாமத் தவிக்குது, நீர்தான் அதுக்குப் புத்தியைத் திறக்கணும்"ம்பாங்க. அப்பா ஒரு கண்ணைத் திறந்து முறைப்பார். எனக்கு மானமே போகும். ஆமென் சொன்ன கையோட, "யார் தவிக்கிறா? எனக்கு எல்லாம் புரியுது"ன்னு சண்டைக்குப் போவேன். அம்மா சிரிச்சுகிட்டே சோறு போடுவாங்க. தன் வயித்துவலியைப் பத்தி அந்த ஜெபத்துல ஒரு வார்த்தை வந்ததில்லை.

கிறிஸ்துமஸ் லீவுல வலி மோசமாச்சு. முறுக்கு மாவு பிசையும்போதே அப்படியே சுருண்டு உக்காந்துட்டாங்க. மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். படம் எடுத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க, பொங்கலுக்கு முன்னாடி வந்து பாருங்கன்னாங்க. லீவு முடிஞ்சதும் காலேஜுக்கே போகமாட்டேன்னு சொல்லிடலாம்னு நான் முடிவு பண்ணி வச்சிருந்தேன். அம்மாவுக்கு இப்படி ஆனதும் அதைச் சொல்லவும் வாய் வரலை.

அந்த ஆஸ்பத்திரியில டாக்டரம்மா வெள்ளைக்காரங்க. அவங்க இங்கிலீஷ்ல சொல்ல, நர்ஸ் மெட்டில்டா தமிழ்ல சொல்றதுதான் வழக்கம். பொங்கலுக்கு முன்னாடி நாங்க மூணு பேரும் முடிவு கேட்கப் போன அன்னைக்கு எங்கப்பா நெஞ்சை நிமிர்த்திகிட்டு, "நீங்க போய் உங்க வேலையைப் பாருங்க சிஸ்டர். எம் பொண்ணு காலேஜ்ல படிக்கிறா. அவளே கேட்டுச் சொல்லிடுவா"ன்னுட்டார். மெட்டில்டா வெளியே போயிட்டாங்க. அப்பாவைக் கடிச்சுத் துப்பலாம் போல இருந்துச்சு எனக்கு. ஒரு எழுத்து புரியப்போறதில்லை, இன்னைக்கு மாட்டிகிட்டேன்னு நின்னேன்.

டாக்டரம்மா என்னைப் பார்த்துப் பேசினாங்க. வயித்துல இருக்கிற கட்டி பரவிடுச்சாம். ஆபரேஷன் பண்ணினாலும் பிரயோஜனமில்லையாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லபடியா வச்சுக்கணுமாம். இன்னும் கொஞ்ச மாசந்தானாம்.

புரிஞ்சுது. பாவி, அத்தனையும் புரிஞ்சுது! மனசுக்குள்ள தமிழாக்கவே வேண்டியிருக்கலை. வருஷம் பூரா தலைகீழா நின்னும் வராத இங்கிலீஷ், இதுக்குத்தானா வந்து சேரணும்?

"டூ யூ அண்டர்ஸ்டாண்ட்?"னு கேட்டாங்க டாக்டரம்மா.

"நோ, டாக்டர்"ன்னேன்.

வேற என்ன சொல்றது? புரிஞ்சுதுன்னு சொன்னா அடுத்து அம்மா பக்கம் திரும்பியாகணுமே.

அவங்க கோவிச்சுக்கலை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுகிட்டு, சின்னச் சின்ன வார்த்தையா, பச்சைப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி மறுபடியும் முதல்ல இருந்து சொன்னாங்க. சின்ன வார்த்தையில கேட்க இன்னும் கொடூரமா இருந்துச்சு. கண்ணுல தண்ணி கொட்டிடுச்சு, நிறுத்த முடியலை.

அப்பா முகம் சுண்டிப்போச்சு. "என்ன ஜோதி இது, இவ்வளவு படிச்சும்..."னு ஆரம்பிச்சார்.

"நீங்க சும்மா இருங்க"ன்னு அம்மா அவரை அடக்கினாங்க. பெஞ்சில நகர்ந்து இடம் விட்டு, என்னைப் பக்கத்துல இழுத்து உக்காரவச்சு, முந்தானையால முகத்தைத் துடைச்சுவிட்டாங்க. "அழாதடி கண்ணு. இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா? முதல் வருஷந்தானே, போகப் போக எல்லாம் புரிஞ்சிடும். ஒருநாள் நீ இந்த டாக்டரம்மாகிட்டயே சரிக்குச் சரியா பேசுவ. நான் பார்க்கத்தான் போறேன்."

அப்புறம் கதவுப் பக்கம் திரும்பி, "மெட்டில்டாம்மா, கொஞ்சம் உள்ளே வாங்களேன், பிள்ளைக்குப் புரியலையாம்"னு கூப்பிட்டாங்க.