திருமண மேசையில் ஒரு நத்தை

டச்சு நகரமான ஹார்லெமில் பூக்கடை வைத்திருந்த யெல்லேவுக்கு, பழைய டச்சு ஓவியங்களில் இருப்பதுபோலப் பூ அடுக்குவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு. மைத்துனி கல்யாணத்துக்கு அவனே மேசையை அலங்கரித்தான். துலிப், பியோனி, ரோஜா எல்லாம் சரிந்து வழிய அடுக்கி, ஓவியத்தில் இருக்கிறதே என்று உயிருள்ள நத்தை ஒன்றையும் இலைமேல் வைத்தான். சூப் ஆறிப்போகும்வரை விருந்தினர்களுக்கு விளக்கமும் சொன்னான்.

அப்போது மாமியார் அன்னெகே கூப்பிட்டாள்.

"மாப்ளே, உங்க நத்தை என் ரொட்டி மேல ஏறுது."

"அதுதான் அத்தை அந்தக் காலத்துப் பாணி. வாழ்க்கை நிலையில்லாததுன்னு காட்டுது."

"எங்க நிலையில்லாம இருக்கு? நல்லா சம்மணம் போட்டு உக்காந்து தின்னுதே!"

மண்டபமே சிரித்தது. யெல்லேவுக்கு முகம் காதுவரை சிவந்தது. பிறகு அவனுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ரொட்டியை நத்தையோடு தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டான்.

"இத்தனை பேசுனேன். யாராவது காது குடுத்தீங்களா? கலைஞன் இந்த நத்தைதான், நான் அதைத் தூக்கிட்டு வந்தவன், அவ்வளவுதான்" என்றான்.

மறுவாரம் ஒரு கல்யாண வீட்டார் கடைக்கு வந்தார்கள். பூவைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை; நத்தை கட்டாயம் வேண்டும் என்றார்கள். யெல்லே கொட்டும் மழையில் முட்டிபோட்டுத் தோட்டமெல்லாம் தேடினான்.